படலை தாண்டாத யப்பான் கார்

பிள்ளைப்பேற்றுக்கென்று யப்பானில் இருந்து வருவித்த கார், நோவு கண்ட அன்று காலை முழுக்க வீட்டு வாசல் படலையைத் தாண்டவில்லை. காரில் ஒரு பிழையும் இல்லை.

நண்டுவெட்டை என்ற ஊரில் தவநேசனின் மனுசிக்கு நிறைமாதம். ஆஸ்பத்திரி தூரம். ஓட்டோ வராது. ஒருமுறை வந்த ஓட்டோக்காரருக்கு ஊரவர்கள் வழி சொன்னார்கள். அவர் பிறகு இந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. ஆகவே மூன்று பேர் சேர்ந்து பழைய கார் ஒன்றை இறக்குமதி செய்தார்கள்.

ஒருவர் தவநேசன். மற்றவர் சனசமூக நிலையத் தலைவர் குலவீரசிங்கம். மூன்றாமவர் சிற்றம்பலம். சிற்றம்பலத்திடம் லைசென்ஸ் இருந்தது, வாகனம் இருந்ததில்லை. அதனால் அவர் ஒரு விபத்தும் செய்ததில்லை. அப்படிப்பட்டவரைத்தான் சாரதியாக வைக்கவேண்டும் என்று தலைவர் முடிவு செய்தார்.

கொழும்பு ஏஜென்ட் போனில் சொன்னான்: "அண்ணை, ஒரே ஒரு அம்மா கையில இருந்த கார். வேற ஒருத்தரும் தொடேல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தார். அது மேசைவிரிப்பில் விழுந்தது. பிறகு கண்ணைத் திறந்து ஒன்று வைத்தார். ஏஜென்டுக்குச் சொல்லக்கூடாது என்று மற்ற இருவரிடமும் சத்தியம் வாங்கினார்.

கார் லொறியில் வந்து தவநேசன் வளவுக்குள் இறங்கியது. ஏஜென்ட் திரும்பவும் போன் எடுத்தான். "முதல்ல தண்ணி பாருங்கோ. எண்ணெய் பாருங்கோ. காத்தையும் ஒருக்காப் பாத்துவிடுங்கோ."

மூவரும் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் இருந்தது. குசினிக்குள் போய்ப் போத்தலைப் பார்த்தார்கள். நல்லெண்ணெய் பாதி இருந்தது. பிறகு முற்றத்தில் அண்ணாந்து நின்றார்கள்.

"காத்தை எப்பிடியப்பா பாக்கிறது?" என்றார் சிற்றம்பலம்.

"தென்னோலை ஆடுது. அது காணும்," என்றார் தலைவர்.

விடியப் புறம் மனுசிக்கு நோவு தொடங்கியது. அவளைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். தலைவரும் தவநேசனும் ஏறினார்கள். சிற்றம்பலம் திறப்பைத் திருகினார். கார் இயங்கியது. உடனே உள்ளுக்குள் இருந்து ஒரு பெண் குரல் பேசியது. மரியாதையான குரல்.

அது முன்பக்கத்தில் பொருத்தியிருக்கும் சின்னப் பெட்டி. யப்பான் வீதிகளில் கட்டணம் செலுத்த அட்டை ஒன்று போடவேண்டும். போடாவிட்டால், அட்டை இல்லை என்று யப்பான் மொழியில் சொல்லும். வாகனத்தை இயக்குகிற நேரமெல்லாம் சொல்லும். இதை இவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொன்னாலும் ஒன்றுதான்.

சிற்றம்பலம் காரை நிற்பாட்டினார். "ஆரது?"

"அந்த அம்மாதான்," என்றார் தலைவர். "ஒரே ஒரு அம்மா எண்டு சொன்னவனெல்லோ."

"அவ யப்பானில எல்லோ இருக்கிறா?"

"கார் இஞ்ச வந்தாப் பிறகு அவ அங்க நிண்டு என்ன செய்யிறது?"

சிற்றம்பலம் தலையாட்டினார்.

"என்னவாம் கேக்கிறா?" என்றான் தவநேசன்.

"வெளிக்கிடேக்க ஒரு மனுசர் என்னத்தைக் கேக்கும்? எங்க போறியள் எண்டுதான்."

மூவருக்கும் முகம் கறுத்துவிட்டது. வெளிக்கிடும்போது எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. திரும்பி வந்து, சற்று இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துப் புதிதாக வெளிக்கிட வேண்டும். நாங்களும் செய்கிறதுதான். ஆனால் எங்களிடம் கேட்கிற ஆள் ஒருமுறைதான் கேட்கும்.

இறங்கினார்கள். இருந்தார்கள். குடித்தார்கள். ஏறினார்கள். திறப்பைத் திருகினார்கள். அம்மா கேட்டார். இறங்கினார்கள்.

வெயில் ஏறியது. கிணறு ஒரு படி இறங்கியது. சிற்றம்பலம் நடந்தால் வயிற்றுக்குள் குளம் தளும்பும் சத்தம் கேட்டது. இடையிடையே வேலிக்கரைக்குப் போய்வந்தார்.

பின்சீட்டில் இருந்து மனுசி கத்தினாள். "இஞ்சேருங்கோ, அது மெஷின் பேசுது! எடுங்கோ காரை!"

"தலைப்பிள்ளை விசயம் பிள்ளை. சகுனம் பாக்காமல் ஏலாது," என்றார் தலைவர்.

"அப்ப விடுங்கோ, நான் ஓட்டுறன். அப்புவின்ர லாண்ட்மாஸ்டரில வயல் உழுதனான்."

"நோயாளி பின்சீட்டிலதான் இருக்கவேணும். அதுதான் முறை."

தவநேசனுக்கு ஒரு யோசனை வந்தது. கேட்கமுன்னம் நாங்களே சொல்லிவிட்டால் அவ ஏன் கேட்கப்போறா? யன்னலுக்குள் தலையை விட்டுக் கைகூப்பினான். "அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போறம். மனுசிக்குப் பேறு. தயவுசெய்து கேக்காதேங்கோ."

திறப்பைத் திருகினார்கள். அம்மா கேட்டார்.

"தமிழ் விளங்கேல்லைப் போல," என்றார் சிற்றம்பலம். "யப்பானில சொல்லு."

"எனக்குத் தெரியாது."

"தெரியாததைச் சொன்னாலும் அவவுக்குத் தெரியுமெல்லோ?"

தவநேசன் யோசித்துப் பார்த்தான். திரும்பவும் கைகூப்பிப் பார்த்தான்.

தலைவர் கையை உயர்த்தினார். "எல்லாரும் கேளுங்கோ. காரை இயக்கினாத்தான் அவ பேசுறா. இயக்காட்டிப் பேசமாட்டா. அப்ப என்ன செய்யவேணும்?"

"இயக்கக்கூடாது!"

"இயக்காமல் தள்ளிக்கொண்டு போவம்."

தள்ளினார்கள். அசையவில்லை. தலைவர் குனிந்து பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். "பாரம் கூட. பிள்ளை, நீ இறங்கி நட."

மனுசி இறங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள். கார் உருண்டது. உருண்டு போய் வேலியில் முட்டியது. மூவரும் பின்னால் நின்றால் வேறு என்ன நடக்கும்?

"ஸ்ரியரிங்கை ஆர் பிடிக்கிறது?" என்று அவள் கேட்டாள்.

அவர்கள் இதை யோசித்திருக்கவில்லை.

"நான் பிடிக்கிறன். திறப்பைத் தாங்கோ. திறப்பில்லாட்டி ஸ்ரியரிங் திரும்பாது."

"பிடிக்கிறது மட்டும்," என்றார் தலைவர். "ஓட்டக்கூடாது."

"சரி, சரி. குனிஞ்சு நல்லாத் தள்ளுங்கோ."

காரை வேலியில் இருந்து இழுத்தெடுத்து, அவளை முன்சீட்டில் ஏற்றிவிட்டுக் குனிந்தார்கள். கண்ணை மூடிப் பல்லைக் கடித்துத் தள்ளினார்கள். படலை தாண்டியது. ஒழுங்கையில் ஏறியதும் மனுசி திறப்பைத் திருகினாள். அம்மா பேசினார். "ஓம் அக்கா, கேட்டது," என்று சொல்லிக் காலை அமுக்கினாள். கார் பறந்தது. மூவரும் முகங்குப்புற விழுந்தார்கள்.

எழும்பிப் பார்த்தார்கள். கார் இல்லை. தூரத்தில் புழுதி மட்டும்.

"அப்பாடி," என்றார் சிற்றம்பலம். "என்ன தள்ளு!"

நடந்து போய்ச் சேர்ந்தபோது பெட்டைப்பிள்ளை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரி முற்றத்தில் கார் நின்றது.

"ஆர் கொண்டுவந்து விட்டது?" என்று காவலாளி கேட்டார்.

"நாங்கள்தான். நண்டுவெட்டையில இருந்து தள்ளினது."

"அவ்வளவு தூரமுமோ?"

"ஒரே தள்ளு. தள்ளு கொஞ்சம் கூடியிருந்தா உங்கட சுவரை உடைச்சுக்கொண்டு போயிருக்கும்."

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டித் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு விட்ட அன்று தவநேசன் பிள்ளையோடு பின்சீட்டில் ஏறினான். மனுசி முன்னால் ஏறினாள். தலைவரும் சிற்றம்பலமும் ஊர்த் திசையைக் கையால் அளந்து பார்த்து, உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டார்கள்.

"அண்டைக்கு மாதிரி வேண்டாம். அளவாத் தள்ளவேணும். இல்லாட்டி வீட்டைத் தாண்டிக் கடலுக்குள்ள போயிடும்," என்றார் தலைவர்.

தள்ளினார்கள். விழுந்தார்கள். நடந்தார்கள்.

படலைக்குள் நுழைந்ததும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கார் முற்றத்தில், மாமர நிழலில், நேராக நின்றது.

"பாத்தியோ அளவை!" என்றார் தலைவர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வழியில எத்தினை வளைவு! தவநேசன், எப்பிடியடா வந்தது?"

"நான் காணேல்லை அண்ணை. பிள்ளையைப் பாருங்கோ எண்டு மனுசி சொன்னவ. பிள்ளையைத்தான் பாத்தனான்."

ஊர் முழுக்க வந்து அந்த இருவரின் கைகளையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. குசினிக்குள் ஒருத்தி, காரின் திறப்பை இடுப்பில் செருகியபடி, வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். தவநேசனின் மனுசி. பெயர் யோகமலர்.