சிகரம் ரெஃப்ரிஜிரேஷன்

சாத்தூரில் கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற நாட்களில் பனியைப் பற்றிப் பேச ஒரே ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது. மெயின் ரோட்டில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பொன்னுலிங்கம்தான் அவர். போன வருஷம் ஒரு கோயம்புத்தூர்க் கோஷ்டியோடு இமயமலைப் பக்கம் போய், நீலகோட்டி என்ற மலையில் ஏறி இறங்கி வந்ததாக ஊர் பூராவும் சொல்லியிருந்தார். வந்த கையோடு கடையின் பெயரையும் 'சிகரம் ரெஃப்ரிஜிரேஷன்' என்று மாற்றி எழுதிவிட்டார். கல்லாவுக்கு மேலே கண்ணாடி போட்ட போட்டோ ஒன்று தொங்கும். அதில் அவர் முகம் மட்டும் பெரிதாக இருக்கும். பின்னால் எல்லாம் ஒரே வெள்ளை.

உண்மை சாத்தூரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மலையில் அவர் ஏறவே இல்லை. முதல் வளைவில் நின்று கீழே கிடந்த பள்ளத்தை ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு அடிவாரத்து விடுதிக்குத் திரும்பி, கோஷ்டி இறங்கி வரும்வரை அங்கேயே சுடச்சுட ரொட்டி தின்றுகொண்டு கிடந்தார். ஊருக்கு வந்ததும் யாரோ "மலை எப்படி?" என்று கேட்க, "பிரமாதம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் குட்டி போட்டுக் குட்டி போட்டு இவ்வளவு பெரிய குடும்பமாகிவிட்டது.

இப்போது அந்தக் குடும்பத்துக்கே ஆபத்து. மனைவியின் தம்பி காளிராஜ், அதே கோஷ்டியோடு அதே மலைக்கு, அதே விடுதியில் தங்கி ஏறப்போவதாக வந்து நின்றான். சேவுக்கடைக்காரன். முன்பெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே அத்தானிடம் பேசியவன், அத்தான் மலை ஏறிய நாளிலிருந்து நின்றுகொண்டுதான் பேசினான். வீட்டிலும் சண்முகக்கனி மீன் குழம்பில் நடுத்துண்டைத் தம்பிக்கு எடுத்துவைக்காமல் புருஷன் தட்டில் போட ஆரம்பித்திருந்தாள். விடுதிக்காரரோ கோஷ்டிக்காரர்களோ வாயைத் திறந்தால் இந்த மரியாதை மொத்தமும் போய்விடும். எப்பாடு பட்டாவது பயலைப் போகவிடாமல் செய்ய வேண்டும்.

"பாதை எப்படி இருக்கும் அத்தான்? பனி எம்புட்டு கிடக்கும்? அதை மட்டும் சொல்லுங்க. அதுக்குத் தக்கன சாமான் வாங்கணும்" என்றான் காளிராஜ்.

பொன்னுலிங்கம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பாதையா, அதைப் பாதை என்று சொன்னால் மற்ற பாதைகள் கோபித்துக்கொள்ளும் என்று ஆரம்பித்தார். அகலம் ஒரு பாதம்தான். கோவேறு கழுதையே காலை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்துத்தான் போகும், பள்ளப் பக்கத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். மீசை வைத்தவர்கள் அதை மேலே முறுக்கிவிட்டுத்தான் நடக்க வேண்டும். தொங்கவிட்டால் ஒரு பக்க மீசை பாறையில் மாட்டிக்கொள்ளும், ஆள் பள்ளத்தில் போய்விடுவான், மீசை மட்டும் மலையிலேயே நிற்கும். வழியில் அப்படி நிற்கிற மீசைகளைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார்.

காளிராஜ் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அவன் முகத்தில் பயம் வரும் என்று பொன்னுலிங்கம் காத்திருந்தார். வந்தது சிரிப்பு. இந்த மீசையோடு அந்தப் பாதையில் ஒரு போட்டோ எடுத்தால் எப்படியிருக்கும் என்று கேட்டான்.

பக்கத்துக் கடை டெய்லர் செவத்தையா காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையோடு எழுந்து வந்து வாசலில் நின்றார். பொன்னுலிங்கத்தின் பேச்சில் பிரிந்த தையல் எங்கே இருக்கிறது என்று தேடுவது அவருக்கு மத்தியான நேரத்துப் பொழுதுபோக்கு.

சரி, பாதைக்குப் பயப்படாதவன் குளிருக்குப் பயப்படுவான் என்று பொன்னுலிங்கம் மேலே ஏறினார். பாதி மலையில் ஒரு டீக்கடை. டீ மாஸ்டர் டம்ளரைத் தூக்கி ஒரு ஆத்து ஆத்தினார். மேல் டம்ளரிலிருந்து கிளம்பிய டீ கீழ் டம்ளருக்கு வந்து சேர்வதற்குள் நடுவிலேயே உறைந்துவிட்டது. இரண்டு டம்ளரும் ஒரே துண்டாக ஒட்டிக்கொண்டன. பொன்னுலிங்கம் அதைக் காவடி மாதிரி தோளில் வைத்துக்கொண்டு, பசித்த இடத்தில் எல்லாம் ஒரு கடி கடித்துக்கொண்டே மலை ஏறினாராம்.

செவத்தையா, சர்க்கரை போட்ட டீயா போடாத டீயா என்று மட்டும் கேட்டார். அந்த நேரம் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்த சண்முகக்கனி, அவ்வளவு குளிரில் புதுக் குரங்குக் குல்லா, கடையில் குத்தின ஊக்கைக்கூடக் கழற்றாமல் எப்படி அப்படியே திரும்பி வந்தது என்று கேட்டாள். இது பொன்னுலிங்கம் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. பயணப் பைக்குள் கையை விட்டால்தானே குல்லாவை எடுக்க முடியும், சட்டைப்பைக்குள் போன கை ஊருக்கு வந்துதானே வெளியே வந்தது என்று ஒருவழியாகச் சமாளித்தார்.

"சட்டைப்பைக்குள்ள கை இருந்துச்சுன்னா காவடியைக் கடிச்சது எப்படி அண்ணாச்சி?" என்றார் செவத்தையா.

"கடிக்கிறது வாயால டெய்லரே. கையால இல்ல."

தன் வாயைப் பற்றிப் பொன்னுலிங்கத்துக்கே நல்ல அபிப்பிராயம் கிடையாது. தெர்மோஸ்டாட் போன ஃபிரிட்ஜ் அது. ஓட ஆரம்பித்தால் தானாக நிற்காது. இருந்தாலும் இப்போது நிறுத்தவும் வழியில்லை, ஏனென்றால் காளிராஜ் ஸ்வெட்டர் இரண்டாக எடுத்துக்கொள்ளட்டுமா என்று உற்சாகமாக யோசித்துக்கொண்டிருந்தான்.

அதற்கு மேலே போனால் நிழல் உறையும் என்றார் பொன்னுலிங்கம். வெயில் அடிக்கும், ஆனால் நிழல் விழுந்த இடத்திலேயே பனியில் ஒட்டிக்கொள்ளும். ஆள் நகர முடியாது. தோசைத் திருப்பியால் சுரண்டிச் சுரண்டி நிழலைப் பெயர்த்தெடுத்துத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். அவசரத்தில் சுரண்டியதில் தன் நிழலில் தலைப்பக்கம் கொஞ்சம் அங்கேயே நின்றுபோனது என்று வருத்தத்தோடு சொன்னார். செவத்தையா அவரை வெயிலில் வந்து நிற்கச் சொன்னார். உச்சி வெயில். வாசலில் நின்ற பொன்னுலிங்கத்தின் நிழல் உண்மையிலேயே ஒரு சாண்தான் இருந்தது. அந்த ஒரு நிமிஷம் அவருக்கே அது உண்மையாக இருக்குமோ என்று தோன்றிவிட்டது.

"இப்பேர்ப்பட்ட மலைக்குப் போகாம இருக்க முடியுமா? கட்டாயம் போறேன் அத்தான்" என்றான் காளிராஜ்.

பொன்னுலிங்கத்துக்கு அழுகை வந்தது. கடைசிக் குண்டையும் போட்டுப் பார்த்தார். உச்சியில் பனை உயரத்துக்குப் பனி, எந்த நேரமும் சரிந்து ஆளை மூடிவிடும். ஏன் இப்படி அடைந்து கிடக்கிறது என்று மற்றவர்கள் எல்லாம் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் மலையைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு பக்கம் ரப்பர் போயிருந்தது, காத்து உள்ளே போய்ப் போய்ப் பனி கட்டியிருந்தது. தண்ணி இறங்குகிற ஓட்டையும் அடைத்துக் கிடந்தது. குடைக்கம்பியால் ஒரு குத்து. மலை ஒரு தடவை குலுங்கி, கடகடவென்று ஒழுக ஆரம்பித்தது. போன வருஷம் ஆறுகளில் எல்லாம் தண்ணீர் வந்ததே, எங்கிருந்து வந்தது என்று நினைத்தீர்கள்?

"நம்ம வைப்பாத்துல சொட்டுத் தண்ணி வரலியே" என்றார் செவத்தையா.

"இடையில எத்தனை ஊரு இருக்கு. அவுகளும் குடிக்க வேண்டாமா?"

செவத்தையா ஊசியை மேஜையில் குத்திவைத்துவிட்டு, மலைக்கு ரப்பர் இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது என்றார். பொன்னுலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார். பனியைப் பற்றி எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் ஃபிரிட்ஜுக்குள்தான் போய் நின்றது. பாவம், வேறு பனியை அவர் எங்கே பார்த்தார்.

காளிராஜ் மட்டும் எதையும் கவனிக்கவில்லை. எதற்கும் இன்றைய நிலவரத்தையும் கேட்டுவிடலாம் என்று செல்போனை எடுத்தான். விடுதிக்காரர் நேகியின் நம்பரைக் கோஷ்டிக்காரர்கள் கொடுத்திருந்தார்கள். அவருக்கு இந்தியைத் தவிர வேறு பேச்சு வராது என்று பொன்னுலிங்கம் அவசரமாகச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள், காளிராஜ் இந்தூரில் வருஷக்கணக்காகச் சேவு வியாபாரம் பார்த்துவிட்டு வந்தவன் என்பது ஞாபகம் வந்தது.

அவன் சரளமாகப் பேசினான். சிரித்தான். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "சாத்தூர்" என்ற வார்த்தையும் "மெக்கானிக்" என்ற வார்த்தையும் பொன்னுலிங்கத்தின் காதில் தனித்தனியாக வந்து விழுந்தன. காளிராஜ் தலையைத் திருப்பிக் கல்லாவுக்கு மேலே தொங்கிய போட்டோவைப் பார்த்தான். கிட்டப் போய்ப் பார்த்தான். வெள்ளைக்கு ஓரமாக, வரிசையாக முட்டைகள் இருந்தன. பனிப்பறவையின் முட்டை என்று ஒரு வருஷமாகச் சொல்லிவந்த முட்டைகள்தான்.

போனை வைத்துவிட்டு, நேகி சொன்னதை அவன் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான்.

"பாதை நல்லா அகலமா இருக்காம். பள்ளிக்கூடப் பிள்ளைக தினமும் போயிட்டு வருதுகளாம். மலையில இப்பப் பனியே இல்லையாம். இருக்கிற பனி பூரா அவரு ஃபிரிட்ஜுக்குள்ளதான் இருக்காம். போன வருஷம் அங்கேயே தங்கி ரிப்பேர் பார்த்துக் குடுத்த சாத்தூர் மெக்கானிக் ரொம்பத் தங்கமான மனுஷனாம். மறுபடியும் அடைச்சுக்கிச்சு, கையோட கூட்டிட்டு வாங்கன்னு சொல்றாரு."

பொன்னுலிங்கம் ஸ்பேனரைக் கையில் எடுத்து, அதை முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கமான மனுஷன் என்றது மட்டும் கொஞ்சம் இதமாக இருந்தது.

காளிராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கால் மெதுவாக ஆட ஆரம்பித்தது. சண்முகக்கனி தூக்கைத் திறந்து, நடுத்துண்டு மீனை எடுத்துத் தம்பி தட்டில் வைத்தாள். புருஷனுக்கு வால்துண்டு வந்தது.

"அது கிடக்கட்டும்" என்றாள் அவள். "நீங்க போன பாதைதான் எப்படி இருந்துச்சு? அதையாவது உள்ளபடி சொல்லுங்க."

பொன்னுலிங்கம் வால்துண்டிலிருந்து ஒரு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அடுப்படியில இருந்து ஃபிரிட்ஜ் வரைக்கும் நல்ல பாதைதான்" என்றார். "பின்பக்கம்தான் கொஞ்சம் இடுக்கு."