கறுப்புத் துணிக்குள் ராணி

பிறவிப்பெருமாள் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தூங்குகிற ஆளைத் தட்டி எழுப்பி டிக்கெட் கேட்டே ஆயுசில் பாதி போய்விட்டது. அதற்கப்புறம் மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது. பாபநாசம் மலையடிவாரத்தில் ஆசிரமம் நடத்தும் கோமதியம்மாளிடம் சிஷ்யராகச் சேர்ந்தார். அம்மாள் அவரைவிட இளையவள். அதனாலென்ன, குரு குருதானே!

தியானத்தில் உட்காருவார். சற்று நேரத்தில் ஒரு கண் திறக்கும். "அம்மா, எனக்கு ஏதாவது கூடி வருதா?" என்பார். கண்ணை மூடும்படி அம்மாள் கை காட்டுவாள். இந்த மழைக்காலத்துக்குள் மனசு அடங்காவிட்டால் மூட்டையைக் கட்டிவிடுவது என்று அவரும் முடிவு பண்ணியிருந்தார்.

முதல் மழை பெய்த மறுநாள் காலை, இறக்கையை உதிர்த்துவிட்ட ஒரு பெரிய எறும்பு கூடத்தில் மூலை மூலையாக அலைந்தது. துடைப்பம் வருவதற்குள் பெருமாள் அதைப் பிடித்துவிட்டார்.

"ராணி எறும்பு," என்றாள் அம்மாள். "குடித்தனம் போட இடம் தேடுறா. ஒரு புட்டியில விட்டு, ஈரப் பஞ்சு வச்சு, இருட்டுல வச்சிருங்க. மத்ததை அவ பாத்துக்கிடுவா."

பெருமாள் புட்டியைத் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். கொஞ்ச நாளில் பஞ்சோரத்தில் பொடிப்பொடியாய் வெள்ளை முட்டைகள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் வந்தது வினை. ராணி மேலும் கீழும் ஓடினாள். பஞ்சைக் கடித்துப் பிய்த்தாள். பசியோ என்று வெல்லம் வைத்தார், தேன் வைத்தார். இடம் போதவில்லையோ என்று புட்டியை மாற்றினார். ஒரு காலையில் பெட்டியைத் திறந்தவர் பதறிப்போய் அம்மாளிடம் ஓடிவந்தார்.

"அம்மா! போட்ட முட்டையைத் தானே தின்னுறா, பாவி! பித்துப் பிடிச்சிருச்சு போல."

"எப்பப் பாத்தீங்க?"

"இப்பத்தான்."

"அதுக்கு முன்னால?"

"பல் தேச்சிட்டு வந்து. அதுக்கு முன்னால எந்திரிச்ச உடனே. அதுக்கு முன்னால ராத்திரி டார்ச் அடிச்சு..."

"எதுக்கு?"

"நல்லா இருக்காளான்னுதான்!" பெருமாள் கையோடு கொண்டுவந்த புட்டியை நீட்டினார். "துடைப்பத்துலேருந்து காப்பாத்திக் கொண்டுவந்து நானே சாகடிச்சிருவேனோன்னு பயமா இருக்கும்மா. இன்னும் ரெண்டு மூணு முட்டைதான் மிச்சம்."

அம்மாள் புட்டியை வாங்கிக் கறுப்புத் துணியில் சுற்றினாள். பெருமாள் தியானத்துக்கு உட்காரும் பலகையின் ஓரத்தில் அதைப் படுக்க வைத்தாள்.

"உட்காருங்க."

"இப்ப இது ஒண்ணுதான் குறைச்சல்!"

"நீங்க அசைஞ்சா பலகை அசையும். பலகை அசைஞ்சா அவ மிரளுவா. மிரண்டா மிச்சத்தையும் தின்னுருவா. மெதுவா உட்காருங்க."

உட்கார்ந்தார். முதுகு அரித்தது. சொறியவில்லை. காதோரம் ஈ உட்கார்ந்தது. விரட்டவில்லை. உள்ளே ஓடுகிறாளோ, தின்கிறாளோ என்று கை தானாகவே துணிப்பக்கம் கிளம்பியது. ஐயோ, பலகை! கையை அப்படியே மடியில் இறக்கினார். மூச்சு வேகமாய்ப் போனால்கூடப் பலகை ஆடுமே என்று மூச்சையும் மெள்ள விட்டார். இன்னும் மெள்ள விட்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது. பந்தியில் எப்போதும் முதல் இலை பெருமாளுடையதுதான். அன்றைக்கு அந்த இலை காலியாகவே கிடந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு அம்மாள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"போதும். கால் மரத்துப் போயிருக்கும்."

பெருமாள் கண் திறந்தார். இரண்டு கண்ணும் சேர்ந்தே திறந்தன. வழக்கமாய்க் கேட்கிற கேள்வியை அவர் கேட்கவில்லை. துணியைத்தான் பார்த்தார். அதன் நுனிக்கு மெள்ளக் கை நீட்டினார்.

"முட்டை இருக்குமா அம்மா?" என்றார், மூச்சுக்கும் கேட்காத குரலில்.

"பாத்தா இருக்காது."