மடத்து வாசலில் நின்ற கார்

இன்னும் கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொன்னால் இந்தக் கதை கெட்டுப்போகும்.

மலையடிவாரத்தில் ஒரு மடம். அதை நடத்தியவள் வெள்ளைத்தாய் அம்மா. பள்ளிக்கூடம் போகாதவள். ஆனால் அவள் அறிவுக்கு முன்னால் நானெல்லாம் எந்த மூலைக்கு?

அங்கே மருதப்பன் என்று ஒரு சீடர். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. அரிசி மில், வீடு, தோட்டம் எல்லாத்தையும் பிள்ளைகள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்தவர்.

வந்தது சொந்தக் காரில்.

பதினோரு வருசமாக அந்தக் கார் மடத்து வாசலிலேயே நிற்கிறது. நாலு டயரும் தரையோடு உட்கார்ந்துவிட்டது. உள்ளே பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டியும் குட்டி போட்டாச்சு.

தைப்பூசத்தன்று காவி வாங்கித் துறவியாகிறவர் பேரில் ஒரு பொருளும் இருக்கக் கூடாது. அது மடத்து வழக்கம். இந்தக் காரால் மருதப்பனுக்கு மூன்று தைப்பூசம் தள்ளிப் போயிருந்தது. நாலாவது பூசத்துக்கு இன்னும் எட்டே நாள்.

அம்மா முன்னால் போய் நின்றார்.

“அம்மா, இந்தக் காரை எப்படித்தான் ஒழிக்கிறது?”

“பழைய இரும்புக்காரன் கேட்டானே?”

“உடைச்சு எடுத்துட்டுப் போறேங்கிறான். மனசு வரலை.”

“கறிக்கடைக்காரர்?”

“கோழி அடைக்கக் கேட்கிறார் அம்மா! என் காரிலயா?”

“பூக்காரி மகன் சும்மா குடுத்தா வாங்கிக்கிறேன்னானே.”

“அவனுக்கு ஓட்டத் தெரியாதே.”

“இதுக்கும்தான் ஓடத் தெரியாது.”



அம்மா டவுனிலிருந்து மெக்கானிக் தாவூதை வரவழைத்தாள். “இதை ஓட வச்சுக் குடு” என்றாள்.

“ஒழிக்கிற வண்டியை எதுக்கும்மா ரிப்பேர் பண்ணணும்?” என்றார் மருதப்பன்.

அம்மா கீரை ஆய உட்கார்ந்துவிட்டாள்.

தாவூது நாலு நாள் காருக்கு அடியிலேயே கிடந்தான். மத்தியானம் மடத்துச் சாப்பாடு.

“ஏம்மா, பூண்டே சேர்க்காம எப்படித்தான் சாப்பிடுறீங்க? நாக்கு செத்துப்போச்சு எனக்கு.”

அம்மா சிரித்தாள். “நாளைக்கு முடிஞ்சிடுமா? அப்போ பைக்கில வராதே. பஸ்ல வா.”

ஐந்தாம் நாள் காலையில் கார் உறுமியது. பூனைகள் சிதறி ஓடின. மருதப்பனுக்குக் கண்ணில் தண்ணீர்.

அம்மா ஒரு சோற்றுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து முன் சீட்டில் வைத்தாள். சாவியை அவர் கையில் கொடுத்தாள்.

“டாங்க் நிறையப் பெட்ரோல் இருக்கு. கிளம்பு.”

“எங்கேம்மா?”

“எங்கே போக இதை வச்சிருந்தியோ, அங்கே.”

அவர் முகம் தொங்கிப்போயிற்று.

“கோபமா அம்மா?”

“கோபமா இருந்தா சோறு கட்டுவேனா?”

ஏறி உட்கார்ந்தார். கார் வாசலைத் தாண்டியது. வளைவு திரும்பியது. அப்புறம் புழுதி மட்டும்தான்.

“நிசமாவே போயிட்டாரே அம்மா!” என்றான் தாவூது.

அம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். பதினோரு வருசம் கூட இருந்த மனுசன் இல்லையா?

வெயில் ஏறியது. அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. அம்மா நகரவில்லை.

தூரத்தில் ஒரு ஹாரன்.

கார் வந்தது. பழைய இடத்துக்குப் போகவில்லை. நடுரோட்டிலேயே நின்றது.

“என்ன, பெட்ரோல் தீர்ந்துடுச்சா?”

“இல்லம்மா. எங்க ஊருக்குப் பிரியிற ரோடு வரைக்கும் போனேன். அங்கேயே நின்னுட்டேன்.”

“வண்டி மக்கர் பண்ணிச்சோ?”

“பட்டு மாதிரி ஓடுது.”

இறங்கினார். சாவியைத் தாவூதிடம் நீட்டினார்.

“வச்சுக்கப்பா.”

“எனக்கா? ஐயா, விளையாடாதீங்க!”

“பேரை மாத்திக்கோ. எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்.”

தாவூது உள்ளே ஏறினான். மருதப்பன் பொட்டலத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“அது அவனுக்கு. தாவூது, கடையில சொல்லிப் பூண்டு ஊறுகாய் வாங்கி உள்ளே வச்சிருக்கேன்” என்று கார்க் கதவைச் சாத்தினாள்.