கேசட்டுக்கு வைத்த பொட்டு

இந்தக் கதையில் தீர்ப்பு உங்களுடையது. ஆகவே பாதியில் யார் பக்கமும் சாய்ந்துவிடாமல் முழுசாகக் கேளுங்கள்.

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறை. அண்ணன் சென்னிமலைக்கும் தம்பி நாச்சிமுத்துவுக்கும் பொதுச் சொத்து. அண்ணன் வெளியே சுற்றி ஆர்டர் பிடித்து வருவான். லேத்து ஓட்டுவது தம்பியும், அண்ணன் பெண்டாட்டி தெய்வானையும். சன்னல் ஓரத்து லேத்து பதினோரு வருசமாக அவளுடையது. வேறு யாராவது அதில் கை வைத்தால் அவள் முகம் மாறிவிடும்.

நாச்சிமுத்துவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய டிவி கேம் பெட்டிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பான். சேர்த்த பதினாலில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. நாற்பது வருசத்துக்கு முந்தின ஜப்பான் சாமான். பட்டறை மூலையில் ஒரு குண்டு டிவியோடு அதைக் குடிவைத்திருந்தான். மத்தியானச் சோறு உண்டதும் கேம் அடங்கிய கேசட்டை எடுப்பான். அதன் அடி விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக மஞ்சள் தகடுகள் இருக்கும். அதில் உஃப் உஃப் என்று ஊதி, பெட்டியில் சொருகி, கார் ஓட்டுவான். ஊதாமல் படம் வராது என்பது அவன் நம்பிக்கை. தெய்வானை தினமும் பார்த்த காட்சிதான்.

ஆயுத பூசை வந்தது. காலையில் பூசணிக்காய் வாங்கப் புறப்பட்ட நாச்சிமுத்து வாசலில் நின்று சொன்னான்.

"அண்ணி, போன வருசமாட்டம் மேலுக்குப் பொட்டு வெச்சு உட்றாதீங்க. எது வேலை செய்யுதோ அந்த எடத்துல வெக்கோணும். என்ற மூலையில இருக்கறதுக்கும் வெச்சுருங்க."

தெய்வானை சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்தாள். லேத்தில் உளி முனைக்கு வைத்தாள். டிரில் பிட்டின் நுனிக்கு வைத்தாள். சுவிட்சுப் பலகைக்கு மட்டும் வைக்கவில்லை. கரண்டு ஓடுகிற இடத்தில் ஈரம் ஆகாதென்று பக்கத்துச் சுவரில் வைத்தாள். கடைசியாக மூலைக்குப் போய்க் கேசட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இதில் வேலை செய்கிற இடம் எது? அவன் தினமும் ஊதுகிற இடம்தானே. மஞ்சள் பல்லின் மேல் கொழகொழவென்று சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, மற்ற சாமான்களோடு வாழையிலையில் படுக்க வைத்தாள்.

பூசை முடிந்தது. பொட்டு வைத்த சாமானை அன்றைக்கு யாரும் புழங்கமாட்டார்கள். மறுநாள் காலையில் துடைத்துவிட்டுத்தான் வேலை தொடங்கும். அந்தப் பட்டறையில் துடைப்பதும் தெய்வானைதான்.

சாயங்காலம் நாலு மணிக்கு நாச்சிமுத்துவின் கூட்டாளி தங்கராசு வந்தான். பொரியை வாயில் போட்டுக்கொண்டே, "ஒரு ஆட்டம் போடலாமாடா?" என்றான்.

"இன்னைக்கு எடுக்கப்படாதுடா. பூசையில இருக்குது."

"ஏன்டா, இதென்ன ரம்பமா, சுத்தியலா? வெளையாட்டுச் சாமானுக்கு எவன்டா லீவு உட்டான்?"

"அதுஞ் செரிதான்" என்று நாச்சிமுத்து சிரித்தான். பேச்சுவாக்கில் கேசட்டை எடுத்தான். பாராமலே ஊதினான், சொருகினான், சுவிட்சைப் போட்டான். டிவியில் ஒரு வெள்ளைக் கோடு வந்தது. அடுத்தாற்போல் கருகல் நாற்றம் வந்தது. கேசட்டை உருவினால் பல்லெல்லாம் கருத்த சந்தனம். பெட்டி செத்துப் போயிருந்தது. நாற்றத்துக்குத் தெய்வானையும் சென்னிமலையும் ஓடி வந்தார்கள்.

"சந்தனக்காப்பே சாத்திட்டீங்க அண்ணி. பிரமாதம்."

"வேலை செய்யற எடத்துல வெக்கச் சொன்னது யாருங்க தம்பி?"

"சுவிட்சுக்கு வெக்காம சுவத்துல வெச்சிருக்கீங்கல்ல? கரண்டுன்னு அங்க தெரிஞ்சது இங்க தெரியலையா?"

"சுவிட்சுல கரண்டு இருக்கறது எனக்குத் தெரியும். இந்தக் கட்டையில எங்க இருக்குது? ஒரு ஒயராச்சும் தொங்குதா?"

நாச்சிமுத்து அவளை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினான். "இனி இவங்க கை பட்டறைச் சாமான் எதும்மேலயும் படப்படாது. அந்த லேத்துக்கு நான் ஆள் போட்டுக்கறேன்."

"நான் சும்மா கேட்டேன், எடுத்தது அவன்" என்று தங்கராசு பொரித்தட்டைக் கீழே வைத்தான். சென்னிமலை தொண்டையைக் கனைத்தான். தெய்வானைக்குக் கோபம் வந்ததில் பாதி அந்தக் கனைப்புக்குத்தான்.

"போடுங்க, எந்த ஆளு வந்து நிக்கறான்னு பாக்கறேன்" என்றாள். "பதினோரு வருசத்துல இந்தக் கையி அந்த லேத்துல ஒரு நூல் தப்பியிருக்குதா? சொன்னதச் சொன்னபடி செஞ்சதுக்கு என்ற கைய முடக்கறீங்க. என்ற ஊட்டுக்காரரு கனைக்கறாரு."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பெட்டி செத்த பழி யாரைச் சேரும்? பொட்டு வைத்த தெய்வானையையா, வைக்கச் சொன்ன நாச்சிமுத்துவையா, ஆடக் கூப்பிட்ட தங்கராசையா? அந்த லேத்தை அவள் விடத்தான் வேண்டுமா?

விடை: தங்கராசு வாயைத்தான் நீட்டினான், கையை நீட்டவில்லை. தெய்வானை தனக்குத் தெரிந்த கரண்டுக்கு விலகினாள், தெரியாததற்கு விலகவில்லை. கேசட்டின் பல்லில் கரண்டு ஓடும் என்று அறிந்தவன் அங்கே நாச்சிமுத்து ஒருவன்தான். காலையில் அதை ஆயுதம் என்று பொட்டுக் கேட்டவன் அவன். ஆயுதமென்றால் மறுநாள் வரை தொட்டிருக்கக் கூடாது, அவள் துடைத்த பிறகே கைக்கு வந்திருக்கும். விளையாட்டுச் சாமான் என்றால் பொட்டே கேட்டிருக்கக் கூடாது. வைப்பது பாதி வேலை, துடைப்பது மீதி. பாதியில் பிடுங்கிக்கொண்டு வேலை சரியில்லை என்றவன் மேல்தான் பழி. லேத்து அவளுடையதே. மறுநாள் காலை அவள் பொட்டைத் துடைத்து மிசினைப் போட்டாள். நாச்சிமுத்து பக்கத்தில் வந்து நின்று மெதுவாக என்னவோ சொன்னான். "மிசின் ஓடறப்பக் காது கேக்காதுங்க தம்பி, நிறுத்துனப்பறம் வந்து சொல்லுங்க" என்றாள் தெய்வானை. பொழுது சாய்கிறவரைக்கும் அவள் நிறுத்தவில்லை.