பதினோரு வளைவும் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலமும்

பெரம்பூரில் சைக்கிள் சக்கரத்துக்குப் பெண்டு எடுக்கிற லூர்துவிடம் தணிகாசலம் சீடராக இருந்தார். குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

பழைய குழாயும் வால்வும் விற்கிற கடையில் முப்பது வருஷம் பேரம் பேசிப் பேசியே ஆளான மனிதர் தணிகாசலம். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஒருவரிடமும் பணிந்து பேசிப் பழக்கமில்லை. அப்படிப்பட்டவர் வாரத்தில் ஒரு நாள் லூர்துவின் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மலைக்குச் சைக்கிள் கூட்டம் அழைத்துப் போகிற வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டம் அது. ஞாயிறு விடியலில் சைக்கிளை ரயிலின் லக்கேஜ் வேனில் ஏற்றி, எங்காவது ஒரு மலையடிவாரத்தில் இறங்கி, மிதித்து ஏறி, சாயங்கால ரயிலுக்குத் திரும்புவார்கள். எந்த மலை, எந்த வண்டி, எங்கே நிற்பது என்று திட்டம் போடுகிற பொறுப்பை லூர்து இப்போது தணிகாசலத்திடம் விட்டிருந்தார். கூட்டத்தில் எல்லாரும் லூர்துவை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று தணிகாசலத்தின் கையில் ஒரு தாள் இருந்தது.

“மறுபடியும் தேன்வரை மலை, மாஸ்டர். பதினோரு வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் நேரம் போட்டாச்சு. மலைகிட்டயே பேரம் பேசிப் படிய வச்சுட்டேன். நாலரை மணி வண்டிக்கு டாண்ணு கீழ நிப்போம்.”

மாஸ்டர் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் எங்கே கோணுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை பேர்?”

“பதினொண்ணு.”

“பன்னெண்டு இல்லையா?”

தணிகாசலத்தின் குரல் இறங்கியது. “காசிம் வரலைன்னுட்டான்.”

காசிம் பக்கத்துக் கடைக்காரர். குடையும் பையும் விற்பவர். இருபத்தேழு வருஷமாக இருவருக்கும் ஒரே டீக்கடை, ஒரே பெஞ்சு. சைக்கிள் பைத்தியத்தைத் தணிகாசலத்துக்கு ஒட்டவைத்ததே அவர்தான். போன மாதம் தணிகாசலம் போட்ட திட்டப்படி இதே தேன்வரை மலைக்குப் போய் வந்தார்கள். மறுநாளே காசிம், “முட்டி வலிக்குதுடா, இனிமே என்னை விட்டுடு” என்று சொல்லிவிட்டார்.

“முட்டி வலியாம்! மூணாவது மாடிக்குக் குடை மூட்டையைத் தூக்கிட்டு ஏறறான் மாஸ்டர். நான் கண்ணால பார்த்தேன்.” தணிகாசலம் தாளைத் தொடையில் அடித்தார். “நான் என்ன குறை வச்சேன்? ஒவ்வொரு வளைவிலயும் அவனுக்காக நின்னேன். வேற எவன் நிப்பான்? தாள்லயே எழுதி வச்சிருக்கேன், பாருங்க. ‘கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகே கிளம்ப வேண்டும்.’ இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்யணும்?”

மாஸ்டர் சக்கரத்தை மறுபடி சுற்றிவிட்டார்.

“அவன் இல்லாம எனக்கு மலை எதுக்கு? டீக்கடையிலகூட இப்ப பேச்சு சுருங்கிப் போச்சு. ஏன் மாஸ்டர் வரமாட்டேங்கறான்?”

மாஸ்டர் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார். மூலையில் சாய்த்து வைத்திருந்த கறுப்புச் சைக்கிளைக் காட்டினார். பெரிய சைக்கிள். இரும்புக் கேரியர். ஒரு பால்காரர் எப்போதோ விட்டுப் போனது.

“ஞாயித்துக்கிழமை நீங்க அதுல வாங்கண்ணே.”

“அதுலயா? அதுல கியரே கிடையாதே!”

“ஒண்ணு இருக்கு.”

“சரி, அடிவாரம் வரைக்கும் அது. மலைக்கு என் வண்டி.”

“மலைக்குத்தான் அது.”

“பாதிப் பாதி. அஞ்சு வளைவு அதுல, ஆறு வளைவு என்னோடதுல. கடைசியாச் சொல்லுங்க.”

“கேரியரைக் கழட்டாம வாங்க” என்றார் மாஸ்டர்.

பேரத்தில் இப்படி ஒரு அடி தணிகாசலம் வாழ்க்கையில் வாங்கியதில்லை. எழுந்து போய்விட்டார். ஆனால் போகும்போது கறுப்புச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனார்.

ஐப்பசி மழை விட்ட ஞாயிறு. நடைமேடை முழுக்க ஈரம். விளக்குகள் தலைகீழாகத் தரைக்குள்ளும் எரிந்துகொண்டிருந்தன. லக்கேஜ் வேனில் பளபளவென்று பத்துச் சைக்கிள்கள் ஏறின. பதினொன்றாவதாகக் கறுப்பு ஏறியபோது சுமை ஏற்றுபவர் மட்டும், “இதுதான் சார் வண்டி” என்றார்.

திரும்பிப் பார்த்தால் காசிம் நின்றிருந்தார். கையில் பழுப்புத் தாள் பொட்டலம்.

“என்னடா தணிகா, குதிரையை வித்துட்டு எருமை வாங்கிட்டியா?”

“மாஸ்டர் உத்தரவு. நீ எங்கே வந்தே? முட்டி வலிக்கலையா?”

“நடைமேடை சமமாத்தானே இருக்கு.” காசிம் பொட்டலத்தை நீட்டினார். “பேரீச்சம்பழம். ஏழாவது வளைவுல ஒரு கட்டைச் சுவர் இருக்கில்ல, அங்க வச்சு எல்லாருக்கும் குடு.”

தணிகாசலம் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். சணல் முடிச்சு இறுகிக் கிடந்தது. ஓரத்தில் சைக்கிள் செயின் மசி.

“இது போன மாசம் நீ கொண்டாந்தது இல்ல?”

“அதேதான். பேரீச்சம்பழம் கெடாது.”

“அன்னிக்கே குடுத்திருக்கலாமே?”

காசிம் சிக்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

“நீங்க மேல சிரிக்கிறது கீழ வரைக்கும் கேட்கும்டா. ஆளுங்க தெரியமாட்டீங்க. மேகத்துக்குள்ள மலையே சிரிக்கிற மாதிரி இருக்கும். அது நல்லாத்தான் இருந்துச்சு.”

ரயில் நகர்ந்தது. காசிம் கை அசைக்கவில்லை. நின்ற இடத்திலேயே சிறுத்து, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன குடையைப் போல ஆகி, மறைந்தார்.

அரக்கோணம் தாண்டியதும் வயல்களுக்கு மேல் வெள்ளையாக ஒன்று படுத்திருந்தது. அது பனியா, தூக்கமா என்று தணிகாசலத்துக்குத் தெரியவில்லை. பனைமரங்கள் இடுப்புவரை கரைந்து மிதந்து வந்தன. பெட்டியில் எல்லாரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். ஜன்னலில் திடீரென்று ஒரு மலை எட்டிப் பார்க்கும். அடுத்த முறை பார்த்தால் அங்கே வானம்தான் இருக்கும். மடியில் பொட்டலம் வெதுவெதுப்பாக இருந்தது. இந்த ரயில் எங்குமே நிற்காமல் போய்க்கொண்டிருந்தால்கூட நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தார். அப்படி நினைக்கிற ஆள் இல்லை அவர்.

சின்ன ஸ்டேஷனில் இறங்கினார்கள். மிதித்தார்கள். மலை தொடங்கியது.

முதல் வளைவுக்குள்ளேயே பத்துச் சைக்கிள்களும் மேகத்துக்குள் போய்விட்டன. தணிகாசலம் எழுந்து நின்று மிதித்தார். கறுப்புச் சைக்கிள் முனகியது. மேலே எங்கிருந்தோ பூபாலனின் குரல் கேட்டது. பூபாலன் பஸ் கண்டக்டர். மச்சினன் கல்யாணத்தில் ஆடு காணாமல் போன கதையை எல்லாப் பயணத்திலும் சொல்வார். எல்லாப் பயணத்திலும் சிரிப்பார்கள்.

“...ஆடு நேரா மேடையில ஏறிடுச்சுங்க!”

மேகம் குலுங்கிச் சிரித்தது.

தணிகாசலம் வளைவு திரும்பினார். எல்லாரும் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் பாட்டில்கள் கைமாறின. அவர் தலை தெரிந்ததும் பூபாலன் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார்.

“அண்ணன் வந்துட்டாருப்பா! கிளம்புங்க.”

கிளம்பிவிட்டார்கள். தணிகாசலத்தின் ஒரு கால் இன்னும் பெடலில்தான் இருந்தது.

இரண்டாவது வளைவிலும் அப்படித்தான். மூன்றாவதில் அவர் தண்ணீர் மூடியைத் திறப்பதற்குள் கடைசிச் சைக்கிளின் சிவப்பு விளக்கு பனியில் கரைந்தது. நான்காவதில் அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“ஏய்! நில்லுங்கடா! கொலைகாரப் பசங்களா!”

பூபாலன் திரும்பி வந்தார். முகத்தில் கள்ளமே இல்லை.

“என்னண்ணே? உங்களுக்காகத்தானே இவ்வளவு நேரம் நின்னோம். கால் மணி நேரம். நீங்க எழுதிக் குடுத்தபடிதான் போறோம்.” சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். ‘கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகே கிளம்ப வேண்டும்.’ தணிகாசலத்தின் கையெழுத்துதான். அடிக்கோடுகூடப் போட்டிருந்தார்.

“சரி, போ” என்றார்.

ஐந்து. ஆறு. ஒவ்வொரு வளைவிலும் ஈரக் கல்லில் பத்துப் பேர் உட்கார்ந்த தடம் மட்டும் காய்ந்து வெள்ளையாக இருந்தது. அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் இன்னும் பின்தங்கிவிடுவோம் என்று பயமாக இருந்தது. பயம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளக் கூச்சமாகவும் இருந்தது. மேலே மலை சிரித்துக்கொண்டிருந்தது. காசிம் சொன்னது சரி. நன்றாகத்தான் இருந்தது. தூரத்துக் கல்யாண வீட்டு மேளம் போல.

ஏழாவது வளைவில் கட்டைச் சுவர் தெரிந்தது. அதன்மேல் மாஸ்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். காலை ஆட்டிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் வந்து நின்றார். மாஸ்டர் எழுந்து சைக்கிளில் ஏறினார்.

“உட்காருங்க மாஸ்டர்!”

“உட்கார்ந்துதாண்ணே இருந்தேன். இருபது நிமிஷம்.”

“யாருக்காக?”

“உங்களுக்காக.”

“நான் இப்பத்தானே வந்தேன்!”

“ஆமாண்ணே” என்றார் மாஸ்டர். மிதித்து மேகத்துக்குள் போய்விட்டார்.

தணிகாசலம் சுவரோரம் நின்றார். பையில் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்தார். பசியில் கண் இருட்டியது. சணல் முடிச்சில் விரலை வைத்தார். போன மாதம் இதே இடத்தில், இதே முடிச்சில் இன்னொரு கை இப்படித்தான் வந்து நின்றிருக்கும் என்று தோன்றியது. அப்போது மேலேயிருந்து ஒரு குரல், “காசிம் வந்துட்டான், கிளம்புங்க!” என்று கத்தியிருக்கும். அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

முடிச்சை அவிழ்க்காமல் பொட்டலத்தைப் பையில் வைத்தார்.

அவர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவருக்கென்று ஒரு எலுமிச்சை சாதப் பொட்டலம் எடுத்து வைத்திருந்தார்கள். பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக மூடிக் கிடந்தது.

“இப்பத்தாண்ணே மூடுச்சு” என்றார் பூபாலன், உண்மையான வருத்தத்தோடு. “அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா ரயில் போறதைக்கூடப் பார்த்திருக்கலாம். எறும்பு மாதிரி.”

போன மாதம் காசிமிடம் இதைத் தணிகாசலம்தான் சொன்னார். வார்த்தை மாறாமல். ஆறுதல் சொன்னதாக இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

“சரி, இறங்கலாமா? நாலரை வண்டி” என்றது கூட்டம்.

ரயிலில் அவர் ஒருமுறை பூபாலனைப் பார்த்து, “ஆடு...” என்று ஆரம்பித்தார். பூபாலன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மலை நெடுநேரம் கூடவே வந்து, ஒரு பாலத்தில் நின்றுகொண்டது.

பெரம்பூரில் விளக்கு போட்டிருந்தார்கள். லக்கேஜ் வேன் நிற்கிற இடத்தில் காசிம் காத்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

தணிகாசலம் கறுப்புச் சைக்கிளை இறக்கினார். பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். சணல் முடிச்சு முடிச்சாகவே இருந்தது.

“ஏன்டா, பிரிக்கலையா?”

“உட்காரவே இல்லடா.”

காசிம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கறுப்புச் சைக்கிளைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தள்ளி நின்ற மாஸ்டரைப் பார்த்தார். அவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது.

“ஆடு மேடையில ஏறினப்புறம் என்ன ஆச்சு?”

“எனக்கும் இன்னிக்கு ஏறின வரைக்கும்தான் கேட்டுச்சு.”

காசிம் வாய்விட்டுச் சிரித்தார். தணிகாசலத்துக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆகப் பார்த்தது.

“அடுத்து எந்த மலை?” என்றார் காசிம், பொட்டலத்தைப் பார்த்தபடி, யாரிடமோ கேட்பது போல.

தணிகாசலம் அவசர அவசரமாகத் தாளையும் பென்சிலையும் எடுத்தார். அடிக்கோடு போட்ட வரியை அடித்தார். மாஸ்டரிடம் ஓடினார்.

“மாஸ்டர், கடைசி ஆள் வந்து சேர்ந்தப்புறம் எத்தனை நிமிஷம் நிக்கணும்னு எழுத? பத்து போடவா? சரி, பதினஞ்சு. வேணும்னா இருபதுகூடச் சம்மதம். நீங்களே ஒரு கணக்கு சொல்லுங்க.”

மாஸ்டர் நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.

“மொதல்ல பொட்டலத்தைப் பிரிங்கண்ணே.”