மாங்குயிலுக்குக் கம்பம் கிடைத்த கதை

ரயிலும் வாய் ஓயாமல் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், மலையடிவாரக் காட்டுக்குள் கருப்பாயி என்றொரு ரயில் ஓடிக்கொண்டிருந்தாள். பேச்சும் வேகம், ஓட்டமும் வேகம். அவளுக்கு வழி சொல்ல இரண்டே பறவைகள். பாதையோரக் கம்பத்தில் பச்சைக்கிளி உட்கார்ந்திருந்தால் அடுத்த கம்பம் வரை வழி காலி, ஓடலாம். சிவந்த சிறகுள்ள செம்போத்து உட்கார்ந்திருந்தால் நிற்க வேண்டும்.

சொல்வது சுலபம். அத்தனை பெட்டிகளை இழுத்து வருகிறவள் நினைத்த இடத்தில் நின்றுவிட முடியுமா? செம்போத்தைக் கண்டதும் பிரேக் போடுவாள், கம்பத்தைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் நிற்பாள். செம்போத்து கத்தும், அவளும் கத்துவாள். தினமும் இதே கூத்துதான்.

ஒருநாள் வளைவுக்கு அப்பால் தண்டவாளத்தைக் கடந்த யானைக்குட்டியின் கால், கட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. தாய் யானை பதறிப்போய்த் துதிக்கையால் கல்லை வாரி வாரித் தள்ளினாள். "இன்னும் கொஞ்ச நேரம் கிடைச்சா எடுத்துடுவேன், யாராவது கருப்பாயியை நிறுத்துங்களேன்" என்று அழுதாள்.

செம்போத்து விழுந்தடித்துக்கொண்டு வந்து, குட்டிக்கு முன்னால் இருந்த கம்பத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் அது வளைவைக் கவனித்தது. வளைவு திரும்பினால்தானே கருப்பாயி கண்ணில் அது படும்? அப்புறம் பிரேக் போட்டு என்ன பிரயோசனம்?

தூரத்தில் கருப்பாயியின் கூவல் கேட்டது.

மரத்தில் இருந்த மாங்குயிலுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. உடம்பெல்லாம் பளிச்சென்று மஞ்சள், வேலைவெட்டி கிடையாது என்று காடே கேலி செய்யும் பறவை அது. ஒரே மூச்சில் பறந்து, வளைவுக்கு முந்தின கம்பத்துக்குப் போனது. அங்கே கிளி உட்கார்ந்திருந்தது.

"கொஞ்சம் எழுந்திரு, கிளியக்கா."

"எதுக்கு? அடுத்த கம்பம் வரைக்கும் வழி காலிதானே? நான் பொய்யா சொல்றேன்?"

"நிஜம்தான்க்கா. ஆனா அடுத்த கம்பத்துல செம்போத்தண்ணன் உட்கார்ந்திருக்காரே, அதை யார் சொல்றது?"

அதுவரை யாருக்கும் விட்டுக்கொடுக்காத இடத்தை விட்டுக் கிளி எழுந்தது.

கருப்பாயி தடதடவென்று வந்தாள். "யாரு நீ புதுசா? ஓடவா, நிக்கவா?"

"ஓடலாம் தாயி. ஆனா இப்பவே வேகத்தைக் குறைச்சுக்கோ. அடுத்த கம்பத்துல நிக்கணும்."

"வந்துட்டான் எனக்கு வழி சொல்ல" என்று முணுமுணுத்தபடியே குறைத்தாள். சக்கரங்கள் கிறீச்சிட்டன. வளைவு திரும்பினாள். எதிரே செம்போத்து, அதற்குப் பின்னால் குட்டி. மெல்ல மெல்ல ஊர்ந்து, கம்பத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள். வாழ்நாளில் முதல் தடவை!

கால் விடுபட்டதும் குட்டி தாயின் வயிற்றடியில் புகுந்துகொண்டது. காடே ஆரவாரம் செய்தது. கருப்பாயி மாங்குயிலைக் கூப்பிட்டாள்.

"மாங்குயிலே, இனிமே செம்போத்து எங்கே உட்கார்ந்தாலும் அதுக்கு முந்தின கம்பம் உன்னோடது" என்றாள்.

பிறகு பறவைகள் போய் விளக்குகள் வந்தன, வேலை மாறவில்லை. சிவப்பைப் பார்த்துத்தான் ரயில் நிற்கிறது என்று நாம் நினைக்கிறோம். முந்தின கம்பத்து மஞ்சளைப் பார்க்கும்போதே அது நிற்கத் தொடங்கிவிடுகிறதே, அது அன்று முதல்தான்.