பொது அண்டா

ஓர் ஊரில் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. அவர் பெயர் சங்கரலிங்கம். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே பனங்காட்டில் குடிசை போட்டிருந்த பெண் துறவி ஒருவரிடம் அடிக்கடி போவார். துறவி அவரைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் சங்கரலிங்கம் அவரைக் குரு என்று ஏற்றிருந்தார். அம்மா என்று அழைப்பார். ஊரில் சிரித்தார்கள். சங்கரலிங்கம் கண்டுகொள்ளவில்லை.

"கோயில், பள்ளிவாசல், சர்ச் என்று மூன்று கூட்டத்தாரும் ஒரே குரலில் பேசுகிற நாள் வருமா, அம்மா?"

"வரும்."

"எப்போது?"

"வரும்போது வரும். அன்றைக்கு நீர் காதைப் பொத்திக்கொள்ளக் கூடாது, தாசில்தாரே."

இதற்கு மேல் குரு எதுவும் சொன்னதில்லை.

சங்கரலிங்கம் நல்லிணக்க சபை ஒன்றை நடத்தி வந்தார். கோயில் தர்மகர்த்தா நெல்லையப்பன், ஜமாத் தலைவர் காசிம், சர்ச் செயலாளர் ஜெபமணி மூவரும் அதில் உறுப்பினர்கள். மாதம் ஒருமுறை பழைய நெல் குடோனில் கூடுவார்கள். பந்தல் துணி என்ன நிறம் என்பதில் ஒரு கூட்டம் பாதியில் நின்றது. ஊர்வலம் எந்தத் தெருவில் திரும்புவது என்பதில் இன்னொன்று. வருகைப் பதிவில் யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதில் எல்லாக் கூட்டமும் கொஞ்ச நேரம் நிற்கும். பெரிய அதிகாரி யாராவது வந்தால் மட்டும் மூவரும் கைகோத்துப் போட்டோவுக்கு நிற்பார்கள். அதிகாரியின் கார் புழுதி அடங்குவதற்குள் கைகள் விலகிவிடும்.

சபை செய்து முடித்த காரியம் ஒன்றுதான். ஊருக்குப் பொதுவாகப் பித்தளை அண்டாக்கள் வாங்கிப் போட்டது. உள்ளே ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரிசு. ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் அவற்றில்தான் கொதிக்கும். ரமலானில் நோன்புக் கஞ்சி. அறுப்புப் பண்டிகைக்கு சர்ச்சில் அசனம் என்று ஊர் விருந்து போடும்போது ஆட்டுக்கறிக் குழம்பு. வெளியூர்க்காரர்களிடம் அந்த அண்டாக்களைப் பற்றிச் சொல்லும்போது சங்கரலிங்கத்தின் குரல் தழுதழுக்கும்.

அண்டாக்களைத் தேய்த்தவள் சீனியம்மா. ஏதோ ஒரு புயல் வருஷத்தில் வந்து சேர்ந்தவள். குடோன் மூலையில் அண்டாக்களுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள்.

கறி வெந்த அண்டாவில் அம்மனுக்கு எப்படிக் கூழ் காய்ச்சுவது என்று ஆரம்பத்தில் நெல்லையப்பன் கேட்டார். சீனியம்மா புளியும் சாம்பலும் போட்டு உள்ளும் புறமும் தேய்த்தாள். வெயிலில் காயவைத்தாள். பிறகு இடுப்பு வரை அண்டாவுக்குள் கவிழ்ந்து, கறி வாடை போய்விட்டதா என்று மோந்து பார்த்தாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போயிட்டு."

நெல்லையப்பன் அண்டாவை எடுத்துப் போனார். அதற்குப் பிறகு அதுவே வழக்கம். அவள் கவிழ்ந்து மோந்து "போயிட்டு" என்று சொல்லாமல் எந்தக் கூட்டமும் அண்டாவைத் தொடாது. சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது.

செவ்வாய்க்கிழமை அவளை அம்மன் கோயில் வாசலில் பார்க்கலாம். வியாழக்கிழமை தர்காவில். ஞாயிற்றுக்கிழமை சர்ச் மதில் ஓரமாக. சபைக் கூட்டத்துக்கு டீ வாங்கிவந்து வைப்பவளும் அவள்தான். எல்லோருக்கும் வைத்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்துகொள்வாள்.

கார்த்திகையில் ஒரு காலை சீனியம்மா எழுந்திருக்கவில்லை.

அந்த ஊரில் எல்லோருக்கும் பொதுவான சுடுகாடோ இடுகாடோ கிடையாது. கோயில்காரர்களுக்கு ஓடைக்கரை. பள்ளிவாசலுக்கு மையவாடி. சர்ச்சுக்குக் கல்லறைத் தோட்டம். சங்கரலிங்கம் மூவருக்கும் ஆள் அனுப்பிவிட்டுக் குடோனுக்கு ஓடினார். மூவரும் அவளுக்கு உரிமை கொண்டாடுவார்கள். ஒருவர் எரிக்க வேண்டும் என்பார். மற்றவர்கள் விட மாட்டார்கள். அடிதடி வந்தாலும் வரும். அவள் நம் எல்லோருக்கும் சொந்தம் என்று பேச்சைத் தொடங்கலாம் என்று வழியில் நினைத்தார். அந்த வாக்கியம் அவருக்கே பிடித்திருந்தது.

மூவரும் வந்தார்கள். மூலையில் போர்த்திக் கிடந்தவளைப் பார்த்தார்கள். நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"நல்ல பொம்பள," என்றார் காசிம்.

"தங்கமான மனுஷி," என்றார் ஜெபமணி.

"அதுல சந்தேகமே இல்ல," என்றார் நெல்லையப்பன்.

"அப்போ ஆக வேண்டியதைப் பார்க்கணுமே, அண்ணாச்சி," என்றார் சங்கரலிங்கம்.

காசிம் தொண்டையைச் செருமினார். "ஆடி மாசம் பூரா அம்மன் கோயிலே கதின்னு கெடந்தவ. நாங்க வந்து உரிமை கொண்டாடுனா அது நியாயமா? அண்ணாச்சி மனசு புண்படும்லா."

"ஐயையோ, எனக்கு என்ன புண்ணு?" என்றார் நெல்லையப்பன். "நோன்புக் கஞ்சிக்கு அவ இல்லாம முடியுமா, பாய்? தர்காவுல கயிறு கட்டிக்கிட்டு நின்னவ. நான் பாட்டுக்கு எரிச்சுப்போட்டா, நாளைக்கு உங்க ஆளுக ஒரு வார்த்தை கேட்டுட்டா? ஊரு ஒத்துமை என்னத்துக்கு ஆகும்?"

"எங்க ஆளுக கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்கன்னு நீங்க சொல்லுதீங்க. உங்க பெருந்தன்மை அது."

இருவரும் ஜெபமணியைப் பார்த்தார்கள். ஜெபமணி ஏற்கெனவே கைகளைக் கூப்பியிருந்தார்.

"ஞானஸ்நானம் வாங்காதவங்கள நான் உள்ள கொண்டுபோனா, செத்தவள மதம் மாத்திட்டான்னு பேரு வரும். அந்தப் பேரு எனக்கு வேண்டாம். உங்க ரெண்டு பேரு மேலயும் எனக்கு உள்ள மரியாதைக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்."

"பேசிக்கிட்டே போனா எப்படி?" என்றார் சங்கரலிங்கம். "யாராவது ஒருத்தர்..."

"நீரு ஏன் வே பதறுதீரு?" என்றார் நெல்லையப்பன். "இம்புட்டு வருஷமா ஒருத்தரை ஒருத்தர் மதிக்கணும்னு நீர்தான சொன்னீரு. மதிச்சுத்தான பேசுதோம்."

அன்று அவர்கள் ஒரு தீர்மானம் போட்டார்கள். சீனியம்மாவின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். ஒரு சமூகத்தின் உரிமையில் மற்றொரு சமூகம் தலையிடுவதில்லை. கையெழுத்துப் போட யாரும் முண்டியடிக்கவில்லை. நீங்க முதல்ல போடுங்க என்று பேனாவை மூவரும் ஒருவருக்கொருவர் நீட்டினார்கள். சங்கரலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை காலம் காத்திருந்த காட்சி அது.

எழுந்தபோது ஜெபமணி மெல்லக் கேட்டார். "ஞாயித்துக்கிழமை அசனம். அண்டாவை இனி யாரு தேய்ப்பா?"

சங்கரலிங்கம் பனங்காட்டுக்கு நடந்தார். குரு குடிசை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சங்கரலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார்.

"சண்டை போடுவார்கள் என்று பயந்துபோனேன், அம்மா. சண்டையே போடவில்லை."

குரு கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

குடோனுக்கு வந்ததும் முற்றத்தில் சேலைகளை மறைப்பாகக் கட்டினார். அடுப்புக் கல் கூட்டினார். அண்டாக்களில் ஒன்றைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார்.

"இதில் தண்ணீர் நிரப்பிச் சுட வையும். அவளைக் குளிப்பாட்ட வேண்டும்."

சங்கரலிங்கம் மூலையைக் காட்டினார்.

"அம்மா, இதிலா? அங்கே ஒரு குடம் கிடக்கிறது, அதில் காய்ச்சுகிறேன்."

"இதில்."

"இதில் பிணத்துக்குத் தண்ணீர் காய்ச்சினால், கூடக் கிடக்கிற எந்த அண்டாவையும் இனி ஒருத்தரும் தொட மாட்டார்கள். கூழும் இல்லை, கஞ்சியும் இல்லை. இந்த ஊரில் மூன்று பேருக்கும் பொதுவாக இருப்பது இந்த அண்டா மட்டும்தான், அம்மா. அதையும் கெடுத்துவிட்டால் என்னிடம் என்ன மிஞ்சும்?"

"பொதுவாக இருந்தது அண்டாவா?" என்று கேட்டார் குரு.

சங்கரலிங்கம் போய்த் தண்ணீர் இறைத்தார்.

குரு மறைப்புக்குள் போனார். புளிக்கறை ஏறி வெடித்துப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வெந்நீர் விட்டுக் கழுவினார். நகக்கண்ணில் இருந்த சாம்பலை எடுத்தார். மறைப்புக்கு வெளியே நின்ற சங்கரலிங்கத்துக்குத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்டாவைப் பார்த்ததும் வேகமாக நடந்தார்கள்.

குளிப்பாட்டி முடித்து, வெள்ளைத் துணி சுற்றி, தள்ளுவண்டியில் கிடத்தினார்கள். முன்னால் குரு இழுத்தார். பின்னால் சங்கரலிங்கம் தள்ளினார். ஒரு வாசலிலும் ஆள் நிற்கவில்லை.

"என் குடிசைக்குப் பின்னால் தோண்டும்," என்றார் குரு.

சங்கரலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோண்டினார். பேனா பிடித்த கை. சீக்கிரமே கொப்புளம் கண்டது. இடுப்பளவு தோண்டியிருந்தபோது பனங்காட்டுப் பாதையில் ஒரு கார் வந்து நின்றது. மூவரும் அதிலிருந்து இறங்கினார்கள். எப்போதும் தனித்தனி வண்டியில் வருகிறவர்கள்.

"யாரைக் கேட்டும்மா அண்டாவை எடுத்தீங்க?" என்றார் நெல்லையப்பன்.

"அது ஊருச் சொத்து," என்றார் காசிம்.

"ஞாயித்துக்கிழமை ஆயிரம் பேருக்குச் சோறு. நான் எதுல காய்ச்ச?" என்றார் ஜெபமணி.

"பிணத்தண்ணி காய்ச்சுன அண்டாவுல அம்மனுக்குக் கூழா?"

"நோன்பு தொறக்குறவனுக்குக் கஞ்சியா? அண்ணாச்சி கேக்குதது சரிதான."

குரு அமைதியாகக் கேட்டார். "அந்த அண்டா யாருடையது?"

"எங்களோடது!"

மூன்று வாயிலிருந்தும் அது ஒன்றாகவே வந்தது. பனைமரத்தில் இருந்த மைனாக்கள் கலைந்து பறந்தன.

குரு குழிப் பக்கம் திரும்பினார்.

"கேட்டீரா, தாசில்தாரே?"

சங்கரலிங்கம் மண்வெட்டியில் மோவாயை ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்தார். காதைப் பொத்திக்கொள்ளக் கை எழுந்தது. கையெல்லாம் மண்.

"இனி இந்தப் பொது அண்டா எல்லாம் வேண்டாம்," என்றார் காசிம். "அவங்கவங்களுக்கு அவங்கவங்க பாத்திரம். பிரச்சினையே வராது."

"நானும் அதையேதான் சொல்ல வந்தேன், பாய்."

"அதான் எல்லாருக்கும் மரியாதை," என்றார் ஜெபமணி.

நெல்லையப்பன் காசிமுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார். ஜெபமணி மட்டும் ஒரு கணம் தள்ளுவண்டியைப் பார்த்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். காருக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள். ஏறிக்கொண்டார்.

குழி ஆழமாகிவிட்டது. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. குரு மேலிருந்து அவளை மெல்ல இறக்கினார். சங்கரலிங்கம் குழிக்குள் நின்று இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். கனமே இல்லை. கிடத்தக் குனிந்தவர் சட்டென்று நின்றார்.

"அம்மா, தலையை எந்தப் பக்கம் வைக்க?"

குரு குழியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தெற்கே தலை வைக்கணுமா? முகத்தை மேற்கே திருப்பணுமா? காலைக் கிழக்கே நீட்டணுமா? ஆளுக்கு ஒரு முறை உண்டே, அம்மா. அவளுக்கு எது முறையோ அதைச் செய்ய வேண்டாமா? அவள் எந்தச் சாமியைக் கும்பிட்டாள் என்று உங்களுக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியாது," என்றார் குரு. "நான் அவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். நீங்கள் நாலு பேரும் உட்கார்ந்து பேசிய இடத்தில், கதவோரம் உட்கார்ந்திருந்தாளே. நீர் கேட்டிருக்கலாமே."

தூறல் விழுந்தது. அவளை ஏந்தியபடி, எந்தப் பக்கமும் திரும்பாமல், சங்கரலிங்கம் குழிக்குள் நின்றுகொண்டிருந்தார்.